சர்க்கரை மாநாட்டில் ஒரு ஸ்டெனோ

1977 ஏப்ரலில் ஜெனீவாவில் ஐ.நா. சர்க்கரை மாநாடு கூடியபோது, அங்கிருந்த நம் மிஷனில், அதாவது ஐ.நா.வுக்கான இந்தியத் தூதரகத்தில், நான் ஸ்டெனோ. கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, டெல்லி போய், அங்கிருந்து ஜெனீவா. சர்க்கரை விலைக்கும் ஏற்றுமதி அளவுக்கும் வரம்பு வைத்து நாடுகளுக்குள் ஓர் ஒப்பந்தம் போடுவதுதான் மாநாட்டின் நோக்கம். சர்க்கரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ரேஷன் கார்டோடு சரி. டெல்லியிலிருந்து வந்த தூதுக்குழுவுக்கு டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

முதல் நாளே குழுவில் இருந்த ஒரு அதிகாரி 22.046 என்று ஒரு எண்ணை மனப்பாடம் செய்யச் சொன்னார். உலகச் சந்தையில் சர்க்கரை விலை பவுண்டுக்கு இத்தனை அமெரிக்க சென்ட் என்றுதான் பேசப்படும். நம் கோப்புகளிலோ டன் கணக்கு. ஒரு சென்ட் என்றால் டன்னுக்கு 22.046 டாலர். "நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். செப்டம்பரில் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு நிஜமாகவே கேட்டார்.

1973-ல் இதேபோன்ற பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கூடியவர்களுக்கு விலையில் ஒத்துப்போகவில்லை. அடுத்த வருஷமே சந்தை வெறிபிடித்து ஓடி, 1974 நவம்பரில் பவுண்டுக்கு 60 சென்டைத் தாண்டியது. 77-ல் நாங்கள் உட்கார்ந்தபோது பத்து சென்டை ஒட்டி நின்று, இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. விற்கிற நாடுகளுக்கு ஒரு அடிவிலை வேண்டும். வாங்குகிற நாடுகளுக்கு, மறுபடி 74 வந்தால் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். சண்டை முழுக்க அதுதான்.

வரைவில் ஒத்துக்கொள்ளாத வார்த்தையைச் சதுர பிராக்கெட்டுக்குள் போடுவார்கள். என் டைப்ரைட்டரில் சதுர பிராக்கெட்டே கிடையாது! சாய்கோடு அடித்து, ரோலரைக் கொஞ்சம் நகர்த்தி மேலே ஒரு சின்னக் கோடு, அப்புறம் கீழே ஒன்று. ஒரு பக்கத்தில் முப்பது பிராக்கெட் என்றால் பாதிப் பொழுது அதற்கே போகும். கடைசியில் இடம் விட்டு அடித்துப் பேனாவால் வரைய ஆரம்பித்தேன். கார்பன் பிரதி ஒவ்வொன்றிலும் தனித்தனியாக.

மே கடைசி வரை அடித்தேன். பிராக்கெட்டுகள் கூடினவே தவிரக் குறையவில்லை. மாநாடு ஒத்திவைக்கப்பட்டது. தூதுக்குழு டெல்லி திரும்பியது. பழைய வரைவுகளைக் கட்டி அலமாரியில் வைக்கும்போது, இது அவ்வளவுதான் என்றே நினைத்தேன்.

செப்டம்பரில் மறுபடி கூடினார்கள். விலை அதற்குள் ஏழெட்டு சென்டுக்கு வந்திருந்தது. பேச்சில் கொஞ்சம் பணிவு தெரிந்ததற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு. இந்தத் தடவை எல்லார் கண்ணும், எந்த நாடு எவ்வளவு விற்கலாம் என்று வகுக்கும் ஏற்றுமதி அளவு அட்டவணையில். எந்தெந்த வருஷத்தை அடிப்படையாக எடுப்பது என்பதில் ஒவ்வொரு நாட்டுக்கும் தான் அதிகம் விற்ற வருஷம்தான் 'இயல்பான' வருஷம். நாமும் சளைக்கவில்லை. 74, 75-ல் நிறைய விற்றிருந்தோம். அதை விடாமல் பிடித்துக்கொண்டோம்.

பேச்சுவார்த்தை அறைக்குள் எனக்கு இடமில்லை. தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் மயில்கள் உலாவும். ஆமாம், ஜெனீவா ஐ.நா. வளாகத்தில் மயில் வளர்க்கிறார்கள். நம்மூர்க் கோயிலில் பார்த்த மயிலை அந்தக் குளிரில் பார்த்தபடி இருந்தால், கதவு திறக்கும். அதிகாரி சிகரெட் அட்டையில் கிறுக்கிய எண்ணை நீட்டுவார். ஒரு நாட்டின் எண் மாறினால் மொத்தக் கூட்டல் மாறும். முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்கணும். கியூபாவுக்கு 25 லட்சம் டன், ஆஸ்திரேலியாவுக்கும் பிரேசிலுக்கும் தலா 23.5 லட்சம், நமக்கு 8.25 லட்சம் என்று கடைசியில் நின்றது. அந்த 8.25-ஐ எத்தனை தடவை அடித்திருப்பேனோ தெரியாது.

அந்த நாட்களில் வீட்டுக்குப் போனால், காப்பியில் கட்டிச் சர்க்கரையைப் போட்டபடி மனைவி கேட்பாள்: "இது பீட்ரூட்டுல எடுக்கிறதாமே? நம்ம கரும்புச் சர்க்கரை இங்கே வராதா?" சாதாரணக் கேள்விதான். ஆனால் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் விலையைத் தாங்கிப் பிடித்ததால் அந்த நாடுகளில் பீட் சாகுபடி பெருகிக்கொண்டிருந்தது. அவர்களும் மாநாட்டுக்கு வந்தார்கள், பேசினார்கள், கோட்டா முறை வேண்டாம் என்றார்கள். ஒப்பந்தத்தில் சேரவில்லை. அத்தனை பெரிய விற்பனையாளர் வெளியே நிற்கும்போது உள்ளே இருப்பவர்கள் மட்டும் அளவைக் குறைத்து என்ன பயன் என்று ஒரு ஸ்டெனோவுக்கே தோன்றியது.

அக்டோபர் 7-ம் தேதி ஒப்பந்தம் நிறைவேறியது. அடிவிலை 11 சென்ட், உச்சவிலை 21. விலை ஏறும்போது வெளியே விட 25 லட்சம் டன் இருப்பு. அன்று நான் அடித்த பிரதியில் ஒரு பிராக்கெட்கூட இல்லை. பழக்கதோஷத்தில் இரண்டு இடத்தில் விட்டிருந்த இடைவெளியை அதிகாரி சுழித்துக் காட்டினார். திரும்ப அடித்தேன்.

1978 ஜனவரி முதல் தற்காலிகமாக நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க செனட் ஒப்புதல் தரவே 1979 நவம்பர் ஆகிவிட்டது. 1980-ல் விலை 40 சென்டைத் தாண்டிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. இரண்டே வருஷத்தில் அடிவிலைக்கும் கீழே விழுந்தது. அப்போது நான் டெல்லியில் இருந்தேன். 1984 ஒப்பந்தத்தின் பிரதி ஒருநாள் மேஜைக்கு வந்தது. எடுத்த எடுப்பில் நான் தேடியது ஏற்றுமதி அட்டவணையை. அந்த ஒப்பந்தத்தில் விலையும் இல்லை, கோட்டாவும் இல்லை. புள்ளிவிவரம் சேகரிப்பது, கூடிப் பேசுவது, அவ்வளவுதான். கோப்பை அடுத்த மேஜைக்குத் தள்ளினேன்.