செல்லாத நாலு சீட்டு

எனக்குத் தரம் 4 வகுப்பு, 34 பிள்ளைகள். மொனிட்டர் என்றால் எங்கள் பாடசாலையில் எழுதாத ஒரு வரைவிலக்கணம் உண்டு: பரீட்சையில் முதலாம் பிள்ளையாக இருக்கவேண்டும், வாய் திறக்கக்கூடாது. நான் அதிபரின் அறைக்குப் போய்வரும் பத்து நிமிடத்துக்குள் கதைத்தவர்களின் பெயரைப் பலகையில் எழுதிவைப்பதுதான் அந்தப் பிள்ளையின் கடமை. பல வருடமாக நானும் அப்படித்தான் ஆளைத் தெரிவுசெய்தேன். சுற்றாடல் பாடத்தில் ஒருவருக்கொருவர் உதவி வாழவேண்டும் என்று படிப்பிப்போம். அதே வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிற முதல் பொதுப்பணி, பக்கத்தில் இருப்பவனைக் காட்டிக்கொடுப்பது. இது எனக்கு உறைக்கவே இல்லை.

2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. எங்கள் பாடசாலை வாக்களிப்பு நிலையம். எனக்கு வேறொரு பாடசாலையில் தேர்தல் கடமை. திரும்பப் பள்ளி தொடங்கிய அன்று வகுப்புக் கதவில் ஒட்டிய கடதாசியை யாரும் கிழித்திருக்கவில்லை. வாங்குகள் இடம் மாறிக் கிடந்தன. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தன் வாங்கில் யார் இருந்தது, அம்மாவின் விரலில் மை ஏன் போகவில்லை என்று ஒரே கேள்வி. 39 பெயர்கள் அடித்த சீட்டு எவ்வளவு நீளம் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "அப்ப நாங்களும் வோட் போடுவமா டீச்சர்?" என்றது ஒரு குரல். மொனிட்டரை மாற்றும் நேரமும் வந்திருந்தது. சரி என்றேன்.

மொனிட்டர் பதவிக்கு மூன்று பேர் போட்டியிட்டார்கள். கொப்பித் தாளைக் கிழித்துப் பெயரை எழுதிப் போடுங்கள் என்றேன். பின்வாங்கில் இருந்து ஒரு சின்னவள் எழும்பினாள். "டீச்சர், எங்கட எழுத்து உங்களுக்குத் தெரியும்தானே?"

உண்மைதான். நாள்தோறும் திருத்துகிற எனக்கு எந்த 'ற' யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். அதோடு, பெயரை ஒழுங்காக எழுத வராத மூன்று பேர் அந்த வகுப்பில் இருந்தார்கள். அவர்களின் சீட்டு எடுத்தவுடனே தெரிந்துவிடும். வாக்குச்சீட்டில் சின்னம் ஏன் என்று நான் படிப்பிக்க இருந்ததைப் பிள்ளைகளே பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள். பிறகு சின்னத்துக்குச் சண்டை. மூவருக்கும் மான்தான் வேண்டுமாம். எங்கள் திருகோணமலையில் மான் காட்டு விலங்கல்ல. கோட்டை வாசலிலும் தெருவோரத்திலும் வாழைப்பழத் தோலுக்குக் காத்துநிற்கிற அயலவர். கடைசியில் ஒருவருக்கும் மான் இல்லை என்று தீர்த்துப் பட்டம், மாங்காய், குடை என்று சீட்டுக்குலுக்கிக் கொடுத்தோம். விரும்பின சின்னத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளடி. ஆள் யாரென்று காட்டும் எதையும் சீட்டில் எழுதினால் அது செல்லாது. பெரியவர்களின் தேர்தலிலும் அதுதான் சட்டம் என்று இரண்டு தரம் சொன்னேன்.

அன்று வந்தவர்கள் 32 பேர். என் மேசையில் வைத்து நானே எண்ணினேன். பட்டம் 13, மாங்காய் 11, குடை 4. மிச்சம் நாலு சீட்டின் மேல் மூலையில் பெயரும் தரமும் வடிவாக எழுதியிருந்தது. பாவம், கடதாசி கொடுத்தால் முதலில் பெயர் எழுதவேண்டும் என்று முதலாம் தரத்திலிருந்து பழக்கியது நாங்கள்தானே. அந்த நாலில் மூன்று மாங்காய்க்கு. மாங்காய்தான் முதலாம் பிள்ளை. நான் மனதில் வைத்திருந்த பிள்ளை.

"சின்னப் பிள்ளைகள்தானே, சேர்த்து எண்ணுவம்," என்று சொல்லி மாங்காயை வெல்லவைத்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கைதட்டக்கூடச் செய்தார்கள்.

நாலு நாள் கழித்து இடைவேளையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வேப்பமரத்தடிப் பக்கம் போனேன். தேர்தல் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. கச்சான் கோதுதான் வாக்கு, சாப்பாட்டுப் பெட்டி மூடிதான் பெட்டி. டீச்சராக ஒருத்தி அடிமட்டத்தைக் கையில் பிடித்தபடி, கோதை ஒரு தரம் கிண்டிப் பார்த்துவிட்டு, எண்ணாமலே கையை நீட்டினாள்: "இவள்தான் வெண்டது. கத்தாதீங்க!" எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குரல் அப்படியே என் குரல்.

தேத்தண்ணியைக் குடிக்க மனம் வரவில்லை.

எங்கள் வகுப்புச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது: மூன்று விதமாக உடுத்த மூன்று பிள்ளைகள் கைகோத்து நிற்பார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் முஸ்லிம்கள், 30 பேர் தமிழர், 27 பேர் சிங்களவர். ஆனால் பாடசாலைகள் மொழியால் பிரிந்தவை. படத்திலுள்ள மூன்று பேரும் ஒரே வகுப்பில் இருப்பதைப் பிள்ளைகள் கண்டதில்லை. ஒருநாள் காலைக்கூட்டத்தில் தேசிய கீதத்தைத் தமிழில் "ஸ்ரீ லங்கா தாயே" என்று பாடி முடிய, காற்றோடு சிங்களப் பாடசாலையில் இருந்து அதே மெட்டு வந்தது. "டீச்சர், எங்கட பாட்ட அவங்களும் பாடுறாங்க!" என்றான் ஒருவன். 2016 சுதந்திர தின விழாவில் அந்தத் தமிழ் வரிகள் பாடப்பட்டதும் 2020 இல் விடப்பட்டதும் அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவுமில்லை. அந்தப் படத்தைக் காட்டி வருடக்கணக்காகப் படிப்பித்திருக்கிறேன். மாங்காய்க்கு மூன்று சீட்டைச் சேர்க்க எனக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது.

வேப்பமரத்தடி விளையாட்டைப் பார்த்த மறுநாள், சீட்டு எண்ணியதில் நான் செய்ததை வகுப்பில் சொன்னேன். பிழை என்னுடையது, திரும்பப் போடுவோம் என்றேன். முதலாம் பிள்ளை அழுதாள். தாய் மாலையில் வந்து, "என்ன டீச்சர், குடுத்திட்டுப் பறிக்கிறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், பதில் சொல்லத் திணறினேன். இந்தமுறை நான் பின்வாங்கில் இருந்தேன். இரண்டு பிள்ளைகள் ஒவ்வொரு சீட்டையும் உயர்த்திக் காட்டி எண்ணினார்கள். பட்டம் வென்றது. பிள்ளைகள் பார்த்தது மதிப்பெண்ணையோ சமயத்தையோ அல்ல, வாங்கு வரிசையை. ஜன்னல் பக்கத்தார் ஜன்னல் பக்கத்தானுக்கே போட்டிருந்தார்கள். ஆசிரியர் அறையில் முதலில் வந்த கேள்வி வேறு: "வெண்டது ஆருட ஆக்கள்?" கேட்டவர் கெட்டவரல்ல. இந்த ஊரில் வளர்ந்த எங்கள் வயதினருக்கு வாயில் முதலில் வருவது அதுதான். எனக்கும் வந்திருந்தது, கேட்காமல் விட்டேன்.

புது மொனிட்டர் பெயர் எழுதமாட்டானாம். குழாயடியில் வரிசை பிடிப்பான், சின்ன வகுப்புப் பிள்ளைகளின் போத்தலை முதலில் நிரப்ப விடுவான். பெயர் எழுதச் சொன்னால் மட்டும் தலையாட்டிவிட்டு எழுதுவதில்லை. போன கிழமை அலுவலகத்தில் நிற்கையில் பக்கத்து வகுப்பு டீச்சர் மூச்சுவாங்க வந்தார். "உங்கட வகுப்பு சந்தை மாதிரிக் கிடக்கு. மொனிட்டர் என்ன செய்யிறான்?" போய்ப் பார்த்தேன். பலகையில் ஒரு பெயரும் இல்லை. எழுதுவதென்றால் முதலில் அவனுடைய பெயரைத்தான் எழுதியிருக்கவேண்டும்.