பிக்கப் டீசல் குடிக்குன்னு இன்ஜெக்டர்ல கை வைக்கதுக்கு முன்னால

களக்காட்டுலருந்து நாகர்கோவிலுக்கு வாழத்தார் ஏத்திட்டுப் போற பிக்கப் ஒண்ணு வச்சிருக்கேன், 2018 மாடல், காமன் ரெயில் டீசல். ஏர்வாடி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வழியா போறது, போகையில லோடு, வரையில காலி. செகண்ட்ஸ்ல வாங்கின புதுசுல லிட்டருக்கு 13.5 கிமீ குடுத்துட்டு இருந்த வண்டி, மூணு வருசத்துல கொஞ்சம் கொஞ்சமா இறங்கி 9.8ல வந்து நின்னுட்டு. மாசம் 3000 கிமீ ஓடுது, டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல, கணக்குப் போட்டுப் பாருங்க, மாசம் 7500 ரூபா சும்மா புகையாப் போகுது. ஒரு சின்ன வண்டிக்காரனுக்கு அது டியூ கட்டுற காசுல பாதி.

ஒரு ஒர்க்ஷாப்ல கொண்டு காட்டினேன், பேரு வேண்டாம். வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டர ரெண்டு மிதி மிதிச்சுட்டு, டீசல இஞ்சினுக்குள்ள பீச்சுற இன்ஜெக்டர் நாலும் போச்சு, 60000 ஆகும்னு சொல்லிட்டாக. கரும்புகை இல்ல, காலையில ஒரே செல்ஃப்ல எடுக்கு, ஐடில்ல நடுக்கம் இல்ல, பின்ன எப்படி இன்ஜெக்டர் போகும்னு எனக்கு மனசு ஒப்பல. அதனால அங்க விடாம வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். அந்த ஒரு முடிவுதான் எனக்குக் காசு மிச்சம் பண்ணிக் குடுத்துது, அதான் இவ்வளவு நீளமா எழுதுதேன், நம்ம பக்கம் பிக்கப் வச்சிருக்கவங்க பூராப் பேரும் வண்டியில ஏதாவது ஒண்ணு மாத்திருப்பாங்க.

நான் மாத்தினது என்னென்னன்னு சொல்லிருதேன். வாங்கும்போது 215/75 ஆர் 15 டயர் கெடந்தது, தோட்டத்து மண்ணுல எறங்கி ஏறணும்னு 235/75 ஆர் 15 போட்டேன். பின்னால ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்ல ரெண்டு பட்டை கூடுதலா சேத்தேன், தார் ஏத்தினா பின்பக்கம் உக்காந்துருது. தார் சரியாம இருக்க பாடிக்கு மேல இரும்புக் கூண்டு, கேபினுக்கு மேல ஒண்ணரை அடி ஒசரமா நிக்கும். இது போக 2022ல பணகுடிகிட்ட ஒரு நாள் வண்டி ஹீட் ஆகி நின்னப்ப, வந்து பாத்த மெக்கானிக், ரேடியேட்டருக்குப் போற தண்ணிய சூட்டுக்குத் தக்க தொறந்து மூடுற தெர்மோஸ்டாட் வால்வக் கழட்டி எறிஞ்சுட்டு இனிமே சூடே ஆவாது போங்கன்னு அனுப்பி வச்சாரு. அதுல பாத்துக்கிடுங்க, அன்னைக்கு உண்மையான காரணம் ரேடியேட்டர் ஃபின்ல சருகும் தூசியும் அடைச்சிருந்ததுதான், வால்வு மேல ஒரு குத்தமும் இல்ல.

சரி, மொதல்ல அளக்கணும். நெறைய பேரு டேஷ்போர்டு முள்ளப் பாத்து மைலேஜ் சொல்லுதாங்க, அது ஆவாது. ஒரே பங்க், ஒரே பம்ப், காலையில, வண்டி சமதரையில நிக்கணும், டீசல் ஊத்துற துப்பாக்கி மொதத் தடவ டக்குன்னு நின்னதும் அதோட நிப்பாட்டிரணும், அதுக்கு மேல நுரை அடங்கட்டும்னு அழுத்தி அழுத்தி ஊத்தினா ஒவ்வொரு தடவையும் அளவு மாறிரும். நான் அதுலயும் ஒண்ணு சேத்தேன். நாகர்கோவில்ல தார இறக்கினதும் அங்க ஒரு ஃபில், களக்காடு வந்ததும் ஒரு ஃபில். ஒரு நடைக்கு அஞ்சாறு லிட்டர்தான் புடிக்கும், அதுல அரை லிட்டர் பிசகினாலே கணக்கு கெட்டுரும்னு பத்து நடைய சேத்துக் கூட்டினேன், கூட்டும்போது பிசகு ஒண்ணுக்கொண்ணு அடிபட்டுப் போயிரும்.

அந்த நோட்டுல இருந்த கணக்கப் பாத்துட்டுதான் எனக்கு விசயமே புடிபட்டுது. லோடோட போகையில 9.5, காலியா வரையில 10.1. யோசிச்சுப் பாருங்க, ஒண்ணேகால் டன் தார் இறக்கியாச்சு, ஆடி மாசம், ஆரல்வாய்மொழிக் கணவாய்ல மேக்க இருந்து அடிக்க காத்து முப்பந்தல் காத்தாடி அத்தனையையும் சுத்துது, போகையில அது வண்டி மூஞ்சில அடிக்கும், வரையில முதுகப் புடிச்சுத் தள்ளும். அப்படி இருந்தும் காலியா வாரதுக்கு அரை கிமீதான் கூட குடுக்குன்னா, காலியா இருக்கையில மட்டும் வண்டிய என்னமோ புடிச்சு இழுக்கு.

இதுக்கு நடுவுல டயர் கணக்கயும் நேர் பண்ணிட்டேன். 215/75 டயரோட விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர், 235/75க்கு 733. சக்கரம் பெருசாயிட்டா ஒரு சுத்துக்குக் கூட தூரம் போகும், ஆனா மீட்டருக்கு அது தெரியாது, பழைய சக்கரம்னே நெனச்சுக்கிட்டு எண்ணும். போன்ல ஜிபிஎஸ் போட்டு ஓட்டினப்ப மீட்டர் 100 காட்டும்போது போன் 104 காட்டிச்சு. அப்ப என் 9.5 நெசமா 9.9, என் 10.1 நெசமா 10.5. டயர் மாத்தினவங்க மொதல்ல இதப் பாருங்க, பாதிப் பேரு வண்டியில இல்லாத நோய்க்கு மருந்து குடுத்துட்டு இருக்காங்க. ஆனா டயருக்குன்னு நெசமான செலவும் உண்டு, அது கனம், அதோட சக்கரம் பெருசானதால அஞ்சாவது கியர் ஒசந்து போயிரும், சின்ன மேட்டுலயும் நாலுக்கு வர வேண்டியிருக்கு. ஸ்பீடோ 70 காட்டயில நீங்க 73ல போயிட்டிருப்பீங்க, அதுவும் டீசல்தான்.

நியூட்ரல் டெஸ்ட் ஒண்ணு பண்ணினேன், காசு செலவில்லாதது. மூலைக்கரைப்பட்டி ரோட்டுல சமமா இருக்க ஒரு துண்டப் பாத்து, விடியக்காலம் வண்டி வராத நேரமா, காலி வண்டிய 40க்குக் கொண்டு வந்து நியூட்ரல்ல விட்டுட்டு எங்க நிக்கின்னு பாத்தேன், போயும் வந்தும், ஏன்னா கண்ணுக்குத் தெரியாத சரிவும் காத்தும் ஒரு பக்கமா ஏமாத்திரும். இஞ்சின ஆஃப் பண்ணிராதீங்க, பிரேக்குக்கு உதவுற வாக்குவம் வராது, ஸ்டீயரிங்கும் இறுகிரும். சராசரியா 280 மீட்டர்ல நின்னுட்டு. மச்சான்கிட்ட இதே மாதிரி வண்டி, ஒண்ணும் மாத்தாதது, அத ஓட்டிப் பாத்தா 400 தாண்டிப் போகுது.

அத எங்க ஊருக்கு அடுத்தாப்புல லாரி வேல பாத்து வயசான ஒரு அண்ணாச்சிகிட்ட போய்ச் சொன்னேன். நோட்ட வாங்கிப் பாத்தாரு, இஞ்சின் பானெட்டத் தொறக்கவே இல்ல. "ஏல தம்பி, காலியா வரையில குடிக்குன்னா நீ எதுக்கு முன்னால தேடுத, பின்னால போய்ப் படுல"ன்னாரு. 20 கிமீ பிரேக்க அதிகம் மிதிக்காம ஓட்டிட்டு வரச் சொன்னாரு, வந்ததும் நாலு சக்கரத்துலயும் தண்ணி தெளிச்சாரு. முன்னால ரெண்டும் சும்மா நனைஞ்சுது, பின் பிரேக் ட்ரம் ரெண்டுலயும் தண்ணி சுர்ருன்னு ஆவியாச்சு.

காரணம் ஹேண்ட்பிரேக் கேபிள். ரெண்டு பட்டை கூட்டினதால காலியா நிக்கையில பின்பக்கம் பழைய ஒசரத்த விட மேல நிக்கி, ஆக்சில் அந்த அளவுக்குக் கீழ தள்ளிப் போயிட்டு, கேபிளோ பழைய நீளம். அதனால லிவர் கீழ கெடக்கையிலயே கேபிள் விறைச்சு பிரேக் ஷூவ ட்ரம்ல ஒரசிக்கிட்டே இருந்திருக்கு. தார் ஏத்தினா பட்டை அமுங்கி, ஆக்சில் மேல வந்து, கேபிள் தொய்ஞ்சு, சக்கரம் லேசாச் சுத்தும். ஜாக்கி போட்டுத் தூக்கி நான் கையால சுத்திப் பாத்தேன், முக்காச் சுத்துல நின்னுட்டு. பிரேக் போட்டுக்கிட்டே நாகர்கோவில்லருந்து களக்காடு வரைக்கும் தினம் ஓட்டிருக்கேன், நெனைக்கையில நெஞ்சு பதறுது, டீசல் மட்டும் இல்ல, அந்தச் சூட்டுக்கு ஒரு நாள் வீல் சிலிண்டர் சீல் போயி பிரேக்கே புடிக்காமப் போயிருக்கலாம்.

கூட்டின பட்டையில ஒண்ண எடுத்தாச்சு, கேபிளத் தளத்தி அட்ஜஸ்ட் பண்ணியாச்சு, ஷூ மாத்தியாச்சு. எல்லாம் சேத்து 3800 ரூபா. மறுநாள் அதே ரோட்டுல அதே 40ல விட்டேன், 385 மீட்டர் போச்சு. அடுத்த பத்து நடையில காலி 10.5லருந்து 12.1, லோடு 9.9லருந்து 10.1. லோடுல பெரிய மாத்தம் இல்லைங்கதே கேபிள்தான் குத்தவாளின்னு சொல்லிட்டு.

தெர்மோஸ்டாட்டுக்கு வாரேன். வண்டி கம்ப்யூட்டர்ல இருக்க கணக்க போனுக்கு அனுப்புற ஓபிடி அடாப்டர் சின்னதா ஒண்ணு வாங்கி போன்ல பாத்தேன், ஹைவேயில 60ல ஓட்டயில தண்ணி சூடு 63, 65 டிகிரி, அதுக்கு மேல ஏறல. 80க்கு மேல இருக்க வேண்டிய வண்டி. நம்ம வெயிலுக்கு வால்வு எதுக்குன்னு கேக்குதவங்க ரொம்பப் பேரு, ஆனா வெயில் வேற இஞ்சின் சூடு வேற. வால்வு இல்லன்னா தண்ணி எப்பவும் ரேடியேட்டர் வழியா சுத்தும், இஞ்சின் சூடே புடிக்காது, ஆயில் கெட்டியா இருக்கும், ஈசியூங்கிற இஞ்சின் கம்ப்யூட்டர் இன்னும் வண்டி வார்ம் ஆகலன்னு நெனச்சு டீசல மாத்தி ஊத்தும், நாளாவட்டத்துல இஞ்சின் தேயவும் செய்யும். ஒரிஜினல் வால்வு போட்டு, ரேடியேட்டர வெளிய எடுத்துப் பைய தண்ணியடிச்சுக் கழுவி, கூலண்ட் புதுசா ஊத்தினேன், சூடு 84ல போய் நின்னுட்டு. ஹீட்டும் ஆகல. காலி 12.7, லோடு 10.7.

மனசு கேக்காம இன்ஜெக்டரையும் டெஸ்ட் பண்ணிட்டேன். மிச்ச டீசல் திரும்பிப் போற ரிட்டர்ன் டியூபக் கழட்டி நாலு பாட்டில்ல விட்டு கொஞ்ச நேரம் ஓடவிட்டா, கெட்டுப்போன இன்ஜெக்டர் இருந்தா அந்தப் பாட்டில் மட்டும் சட்டுன்னு ரொம்பும். நாலும் சமமா நின்னுது. 60000 ரூபாய்க்குப் புதுசு போட்டிருந்தாலும் அதே 9.8தான் குடுத்திருக்கும், ஏன்னா ட்ரம் அப்பவும் ஒரசிட்டுதான இருந்திருக்கும்.

கடைசியா கூண்டு. எடைமேடையில காலி வண்டிய ஏத்தினா ஆர்சில இருக்க காலி வண்டி எடைய (அன்லேடன் வெயிட்) விட 230 கிலோ கூட. கனத்த விடக் காத்துதான் பெரிய செலவு. காத்து தடுக்க விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 60ல இருந்து 80க்குப் போனா முக்கால் பங்குக்கு மேல கூடிரும், அதுலயும் காவல்கிணத்துல எதிர்க்காத்துல 60ல போனாலே வண்டிக்கு அது 90 மாதிரி. கேபினுக்கு மேல நீட்டிட்டு நிக்க ஒண்ணரை அடி, அதுல கட்டின தார்ப்பாய் காலியா வரையில பொடைச்சுக்கிட்டு பாராசூட் மாதிரி இழுக்கும். கூண்ட கேபின் மட்டத்துக்கு வெட்டிட்டேன், காலியா வரையில தார்ப்பாய மடிச்சு உள்ள போட்டுருதேன், 65க்கு மேல மிதிக்கதில்ல. ஒரு நடைக்கு இருபது முப்பது தார் கொறையும், அது உண்மைதான், எங்க அப்பாவுக்கு அதுல இன்னும் வருத்தம் இருக்கு. ஆனா ஆர்சில இருக்கத விட்டு வண்டிய மாத்துறது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல வேற வருது, இன்சூரன்ஸ் கேக்கப் போனா அங்கயும் அடிபடும், அந்தப் பயமும் எனக்கு இருந்துது.

இப்ப லோடு 11.6, காலி 14.4, ரெண்டும் சேத்து 12.8 குடுக்கு. வண்டி ஓட்டுத எனக்கே மிதிக்கையில லேசாத் தெரியுது. டயர் மட்டும் இன்னும் 235தான், ரப்பர் பாதிக்கு மேல இருக்கு, தேய்ஞ்சதும் 215க்கே போயிருவேன், மழைக்காலத்துல தோட்டத்துக்குள்ள எறங்கணும்னா மச்சான் டிராக்டரக் கேட்டுக்கலாம்னு பேசி வச்சிருக்கு. வார ஞாயித்துக்கெழம அண்ணாச்சி இன்னொரு தடவ ட்ரம்மத் தொறந்து ஷூ எப்படித் தேய்ஞ்சிருக்குன்னு பாக்கணும்னு சொல்லிருக்காரு, விடியக்காலமே வண்டிய அங்க விட்டுட்டு வரணும்.