பச்சைத் தாளில் நான்காவது கேள்வி

2023 மார்ச் மாதத்துத் திங்கட்கிழமை. காலை பதினோரு மணிக்குச் சில நிமிடங்கள் இருந்தன. டெல்லியில் எங்கள் மக்களவை உறுப்பினரின் அறையில், தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். என் அம்மாவின் வங்கிப் புத்தகத்தின் நகல் அவருடைய கோப்பில் அவைக்குள் போயிருந்தது. நட்சத்திரக் கேள்விகளின் பட்டியலைப் பச்சைத் தாளில் அச்சிடுவது மக்களவையின் மரபு. அதில் நான்காவதாக, குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்துவது பற்றிய எங்கள் கேள்வி இருந்தது.

உறுப்பினரின் பெயர் வேண்டாம். தென் மாவட்டத்துக்காரர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்று கூப்பிடுவோம். இரண்டு ஆண்டுகள் அவருக்குக் கேள்விகள் எழுதித் தருவதுதான் என் வேலை. நாடாளுமன்றம் என்றால் மேசையைத் தட்டுவதும் முழங்குவதும்தான் என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். மிகப் பெரிய வேலை, யாரும் பார்க்காத ஒரு தாளில் நடக்கிறது என்பதை அங்கேதான் கண்டேன்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாக் கேள்விகள். முதல் வகைக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் இரண்டு துணைக் கேள்விகள் போடலாம், பிறகு மற்ற உறுப்பினர்களும் கேட்கலாம். இரண்டாம் வகைக்கு எழுத்தில் மட்டும் பதில் வரும். பதினைந்து முழு நாட்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். யார் கேள்வி எந்த வரிசையில் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். அமைச்சகங்களைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து தொகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். தொழிலாளர் துறை எங்களுக்குத் திங்களன்று வந்தது.

அதனால் எங்கள் மேசையில் ஒரே வாரத்தில் உலகமே கிடக்கும். பாதியில் நின்ற ரயில்வே மேம்பாலம், பட்டாசுத் தொழிலாளர்களின் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு மருந்து வராதது, நூல் விலை, கைவிடப்பட்ட கண்மாய் ஒன்றின் தூர்வாரும் நிதி, செல்போன் கோபுரம் இல்லாத மலையடிவாரக் கிராமம். தொகுதியிலிருந்து வரும் மனுக்களை அண்ணன் இரவில் படிப்பார். படித்துவிட்டு ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதுவார்: ‘எத்தனை?’ அல்லது ‘எப்போது?’ மறுநாள் அதை நான் கேள்வியாக்க வேண்டும்.

முதல் மாதத்தில் நான் எழுதியது எதுவும் தேறவில்லை. ‘தொழிலாளர்களை வஞ்சிக்கும் இந்த அற்பத் தொகையை அரசு உயர்த்துமா?’ என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணன் விதிப் புத்தகத்தை எடுத்து 41ஆம் விதியைக் காட்டினார். கேள்வியில் வாதம் கூடாது, அனுமானம் கூடாது, கிண்டல் கூடாது, அடைமொழி கூடாது. கற்பனையான சூழலைக் கேட்கக் கூடாது. பொதுவாக 150 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. எரிச்சலாக இருந்தது. பிறகுதான் அந்த விதி எனக்கு எவ்வளவு துணையாக இருக்கிறது என்று புரிந்தது. கோபத்தை எழுதினால் அமைச்சகம் கோபத்துக்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடும். எண்ணைக் கேட்டால் எண்ணைத்தான் தர வேண்டும்.

அதிலும் தப்பிக்கும் வழிகள் உண்டு. ‘அரசுக்குத் தெரியுமா?’ என்று தொடங்கினால் ‘ஆம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடுவார்கள். சுகாதாரம், காவல் என்றால் ‘அது மாநிலப் பட்டியலில் உள்ளது’ என்பார்கள். இவற்றையெல்லாம்விட எனக்கு அதிகம் வலித்தது வேறு ஒன்று. நாம் (அ), (ஆ), (இ), (ஈ) என்று நான்கு பிரிவாகக் கேட்டிருப்போம். பதில் ‘(அ) முதல் (ஈ) வரை’ என்று ஒரே கட்டாக வரும். இரண்டு பக்கம் திட்டத்தின் வரலாறு இருக்கும். அதற்குள் (இ)க்கு மட்டும் விடை இருக்காது. ஒவ்வொரு பதிலையும் பென்சிலால் பிரித்துப் பிரித்துக் குறிப்பேன். விடை இல்லாத பிரிவை மட்டும் தனியாக எடுத்து, அடுத்த கூட்டத்தொடரில் அதை மட்டுமே கேட்போம். அண்ணன் இதை ‘விட்ட இடத்தில் கொழு வைத்து உழுவது’ என்பார்.

‘எங்களிடம் இல்லை’ என்ற பதிலும் வீணல்ல. 2020 செப்டம்பர் 14ஐ என்னால் மறக்க முடியவில்லை. ஊரடங்கில் சொந்த ஊருக்கு நடந்துபோன தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மக்களவையில் கேட்டார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஊர் திரும்பினார்கள் என்று கணக்குக் கொடுத்த தொழிலாளர் அமைச்சகம், இறந்தவர்கள் பற்றி அப்படியொரு தரவு பராமரிக்கப்படவில்லை என்று எழுத்தில் சொன்னது. எனவே இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை என்றும் சொன்னது. நான் அப்போது ஊரில் இருந்தேன். செய்தித்தாளில் படித்துவிட்டு நீண்ட நேரம் எழுந்திருக்கவில்லை. ஆனால் அந்த வரி அவைக் குறிப்பில் அப்படியே நிற்கிறது. யாரும் கேட்காமல் இருந்திருந்தால் அதுகூட நின்றிருக்காது. அந்தக் கூட்டத்தொடரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி, அமைச்சர்கள் வாய்மொழியாகப் பதில் சொல்லும் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். எழுத்துப் பதில் மட்டும்தான். ஓர் அமைச்சரும் எழுந்து நின்று அந்தப் பதிலைத் தன் வாயால் சொல்ல நேரவில்லை. அது தவறு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஏனென்றால் துணைக் கேள்விதான் உயிர். இந்தியாவில் சட்டமன்றக் கேள்வி என்ற உரிமையே பிரிட்டிஷ் ஆட்சியின் 1892ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. 1893 பிப்ரவரியில் பிங்கா ராஜா முதல் கேள்வியைக் கேட்டார். எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளின் முகாமுக்குச் சாமான் கொடுக்க வேண்டியிருப்பதால் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் கஷ்டத்தைப் பற்றி. அரிசி, பருப்பு, எண்ணெய். இதை முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பேரரசின் அவையில் எழுந்த முதல் கேள்வி ஒரு பலசரக்குக் கடைக்காரனுக்காக எழுந்தது! ஆனால் பதிலைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மேலும் ஒரு கேள்வி கேட்க 1909ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த மேலும் ஒரு கேள்வி என்ன செய்யும் என்பதற்கு 1957 போதும். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் போடப்பட்டதை அவையில் விடாமல் துருவியவர் பெரோஸ் காந்தி. ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சொந்தக் கட்சி அமைச்சரைக் கேட்கக் கூடாது என்று பெரோஸ் காந்தி ஒதுங்கியிருந்தால் அது நடந்திருக்காது. அண்ணன் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் யார் படத்தையும் வைக்கவில்லை, ஆனால் அவரைப் பற்றிப் பேசாத வாரம் கிடையாது.

எங்கள் நான்காவது கேள்விக்கு வருகிறேன். அம்மா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வைண்டிங் (நூல் சுற்றும்) பிரிவில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தார். 58 வயதில் ஓய்வு. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி தரும் ஓய்வூதியத்தின் கணக்கு எளியது: சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். அம்மாவுக்கு மூவாயிரம் ரூபாய்ச் சம்பளம். வகுத்தால் எண்ணூற்றுப் பதினான்கு. 2014 செப்டம்பர் 1 முதல் குறைந்தபட்ச ஓய்வூதியம் ஆயிரம் ரூபாய் என்று ஆனபோது அவருக்கும் ஆயிரம் ஆனது. அதோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் பல கட்சி உறுப்பினர்கள் இதைக் கேட்கிறார்கள். சம்பளத்தில் முதலாளி தருவது 8.33 சதவீதம், மத்திய அரசு தருவது 1.16 சதவீதம், நிதியில் பற்றாக்குறை என்ற பதில் சொல் மாறாமல் வருகிறது.

நாங்கள் இரண்டு துணைக் கேள்விகளைப் பத்து நாட்கள் செதுக்கினோம். ஒன்று, பற்றாக்குறையைக் கணக்கிட்ட அறிக்கையை அவையின் மேசையில் வைப்பீர்களா? இன்னொன்று, நூலிலேயே விரல் தேய்ந்த பெண்களுக்கு, உயிரோடு இருப்பதாக ஓய்வூதியத்துக்காக ஆண்டுதோறும் காட்டும் உயிர்ச் சான்று தரும்போது விரல் ரேகை பதிவதில்லை. முகத்தைக் காட்டிச் சான்று தரும் வசதி எத்தனை மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது? அண்ணன் அவற்றைக் காரில் மனப்பாடம் செய்துகொண்டே போனார். துணைக் கேள்வி படிக்கக் கூடாது, கேட்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

மணி பதினொன்று. சபாநாயகர் முதல் கேள்வியைக் கூப்பிட்டார். ஆளுங்கட்சிப் பக்கம் ராகுல் காந்தியை மன்னிப்புக் கேட்கச் சொல்லி முழக்கம், எதிர்க்கட்சிப் பக்கம் அதானி குழுமம் பற்றி நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை கேட்டு முழக்கம். சில நிமிடங்களில் அவை பிற்பகல் வரை ஒத்திவைக்கப்பட்டது. இரு தரப்புக்கும் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் கேள்வி நேரமான அந்த ஒரு மணி நேரம் அரசின் சொத்து அல்ல, எதிர்க்கட்சியின் சொத்தும் அல்ல. வரிசையில் காத்திருந்த இருபது கேள்விகளின் சொத்து. 2019 நவம்பர் 27 அன்று இருபதையும் முடித்தார்கள். 1972க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. வழக்கமான நாளில் ஐந்தாறைத் தாண்டுவதே அரிது. நான்காவது என்றால் உறுதி என்று நம்பியிருந்தோம்.

வாய்மொழியில் வராத நட்சத்திரக் கேள்விக்கும் எழுத்துப் பதில் உண்டு. மதியம் அது இணையத்தில் ஏறியது. ‘பதில் விவரம் அவையின் மேசையில் வைக்கப்படுகிறது’ என்று ஒரு வரி. கீழே, நான் ஏற்கெனவே நான்கு முறை படித்திருந்த அதே பத்திகள். அண்ணன் திரும்பி வந்து கோப்பை மேசையில் வைத்தார். “தம்பி, இந்த ரெண்டு துணைக் கேள்வியையும் பத்திரமாக வை” என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

இரவு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். பதிலை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் சிறிது நேரம் அமைதி.

“அந்த ஆயிரம் ரூபாயை வைத்தார்களே, எந்தக் கணக்கில் வைத்தார்கள் ஐயா?” என்றார். “அரிசிக்கா, மருந்துக்கா, வாடகைக்கா? அதைக் கேட்டீர்களா?”

கேட்கவில்லை. உயர்த்துவீர்களா என்று கேட்டோம், நிதி இருக்கிறதா என்று கேட்டோம். ஆயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் காலை அண்ணனிடம் சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தாளை எடுத்தார்.

‘2014ஆம் ஆண்டில் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை ரூ.1,000 என்று நிர்ணயிக்க அடிப்படையாகக் கொள்ளப்பட்ட செலவினங்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய தொகை எவ்வளவு’ என்று எழுதினோம். (அ), (ஆ) என்று பிரிக்கவில்லை. ஒரே கேள்வியாக, தனியாக, அடுத்த கூட்டத்தொடரின் முதல் திங்கட்கிழமைக்கு.