மாணவர் ‘மானவர்’ ஆன கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டு முன்கூடத்தில்தான் என் எம்ப்ராய்டரி கடை. 15 ஊசி கொண்ட ஒற்றைத் தலை இயந்திரம் ஒன்று, பழையதாக வாங்கியது. கோயில் தொண்டர் சட்டை, பந்துக் குழு ஜெர்சி என்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் பெரிய எழுத்து, அதனால் பிரச்சினை இல்லை.

அப்புறம் ஒரு தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்து 48 கருநீலக் காலர் டீ-சட்டைகளுக்கு ஆர்டர் வந்தது. இடது நெஞ்சில் சின்னம், அதன் கீழே ‘முன்னாள் மாணவர் சங்கம்’ என்று ஒரே வரி. அந்த வரி சின்னத்தின் 8 சென்டிமீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டால் எழுத்தின் உயரம் நாலரை மில்லிமீட்டர்தான் வந்தது. சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கிக்கொண்டேன். அங்கேதான் தப்பு.

முதல் சட்டையை வழக்கமான 40 நம்பர் நூலிலும் 75/11 ஊசியிலும் ஓட்டினேன். முடித்ததும் அம்மாவிடம் நீட்டினேன். அம்மா இருபது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நிறுத்தினாலும் எழுத்துப் பிழை மட்டும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “மானவர்னு போட்டிருக்கியே, ஏண்டி?” என்றார்.

ஃபைலில் ‘ண’தான் இருந்தது. சட்டையில் அதன் சுழி ஒன்று நூலால் அடைபட்டுப் போயிருந்தது. மூன்று சுழி இரண்டு சுழியாகிவிட்டால் அப்புறம் அது ‘ன’தானே. ஆங்கில எழுத்தில் ‘e’யின் கண் அடைந்தாலும் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். நம் எழுத்தில் சுழி போனால் எழுத்தே வேறாகிவிடும். இந்த வரியில் ‘ன’வும் ‘ண’வும் பக்கத்துப் பக்கத்துச் சொல்லில் வேறு உட்கார்ந்திருந்தன.

ஊசியை மெலிதாக்கினால் போதும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. ஈப்போவுக்குப் போய் 65/9 ஊசி வாங்கிவந்து, அதே 40 நம்பர் நூலைக் கோத்தேன். நாலு எழுத்து தாண்டவில்லை, நூல் பஞ்சுபஞ்சாகப் பிரிந்து அறுந்தது. மறுபடி கோத்தேன், மறுபடி அறுந்தது. மெலிந்த ஊசிக்குக் காதும் சின்னது. அதற்குள் தடித்த நூல் உரசிக்கொண்டு ஓடினால் அறுகாமல் என்ன செய்யும்?

இந்த நம்பர்கள் ஆரம்பத்தில் என்னைக் குழப்பின. ஊசியில் நம்பர் ஏறினால் தடிமன் ஏறும். 75 என்றால் ஊசித் தண்டு 0.75 மில்லிமீட்டர், 65 என்றால் 0.65. கோட்டுக்குப் பின்னால் வரும் 11, 9 எல்லாம் அதையே சொல்லும் அமெரிக்க நம்பர். நூலில் நேர்மாறு, நம்பர் ஏற ஏற மெலியும். 40 நம்பர் நூல் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் இருந்தால் ஒரு கிலோ எடை. 60 நம்பரில் அதே ஒரு கிலோவுக்கு 60 கிலோமீட்டர் வேண்டும். ஒன்றில் கீழே இறங்கினால் மற்றதில் மேலே ஏற வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் தடுமாற வேண்டியதில்லை.

மறுவாரம் 60 நம்பர் பாலியஸ்டர் நூலுக்கு ஆர்டர் கொடுத்தேன். அதில் நிறங்கள் குறைவு. சின்னத்தில் இருந்த மஞ்சளுக்குச் சரியான ஜோடி கிடைக்கவில்லை. கொஞ்சம் மாறிய மஞ்சள் பக்கத்தில் நின்றால் அசிங்கமாக இருக்கும் என்று எழுத்தை மட்டும் வெள்ளையாக்கச் சங்கத்து அண்ணனிடம் சம்மதம் வாங்கினேன். கருநீலத்தில் வெள்ளை இன்னும் தெளிவாகத்தான் தெரிந்தது. சின்னத்துக்குப் பழைய 40 நூலே போதும், அதை மாற்றவில்லை.

60 நூலும் 65 ஊசியும் சேர்ந்ததும் சுழிகள் கண் திறந்தன. ஆனால் ஓரங்களில் புள்ளிபுள்ளியாக வேறொரு வெள்ளை தெரிந்தது. அடியில் ஓடும் பாபின் நூல் மேலே எட்டிப்பார்த்திருக்கிறது. மெலிந்த நூலுக்கு மேல் டென்ஷன், அதாவது மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் இழுப்பு, அதிகம் என்று அர்த்தம். தளர்த்தித் தளர்த்தி, துணியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்பக்கம் நடுவில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பாபின் நூல் தெரிந்தபோது நிறுத்தினேன். வேகத்தையும் நிமிடத்துக்கு 850 தையலிலிருந்து 600க்கு இறக்கினேன்.

ஊசி முனையிலும் ஒரு பாடம் படித்தேன். கூர்முனை ஊசியில் எழுத்து ஓரம் கத்தியால் வெட்டியது போல வரும் என்பது உண்மைதான். ஆனால் இந்தச் சட்டை பின்னல் துணி. கூர்முனை இழையையே குத்தி அறுத்துவிடலாம், அப்புறம் துவைக்கத் துவைக்க ஓட்டை பெரிதாகும். லேசான குமிழ்முனை இழையை விலக்கிக்கொண்டு இறங்கும். ஓரம் ஒரு நூலளவு மங்கினாலும் பரவாயில்லை என்று குமிழ்முனையையே வைத்துக்கொண்டேன். கூர்முனை ஊசி தொப்பிக்கும் பருத்தித் துணிக்கும் இருக்கிறது.

இவ்வளவும் செய்தும் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி அடம்பிடித்தது. அந்த ஒரு வரியில் ஐந்து புள்ளி. மென்பொருள் ஒவ்வொன்றையும் குட்டி சாட்டின் தையலாக, அதாவது இடமும் வலமுமாக நெருக்கி நிரப்பும் தையலாகப் போட, ஒரே இடத்தில் ஊசி பத்துப் பன்னிரண்டு தடவை குத்தி முடிச்சு விழுந்தது. எழுத்துருவை அப்படியே தையலாக மாற்றித் தரும் பொத்தானை நம்பியது என் சோம்பேறித்தனம். உட்கார்ந்து கையால் திருத்தினேன். புள்ளிக்கு நாலே தையல். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த தையல்களை எடுத்துவிட்டேன். ‘ண’வின் சுழிகளை எழுத்துருவில் இருப்பதைவிடக் கொஞ்சம் அகட்டினேன். ‘ங்’கின் உள்மடிப்புக்கும் அதே வைத்தியம். அடித்தையலாக நடுவில் ஒற்றை ஓட்டம் மட்டும். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த எழுத்துக்குத் தாவும் நூலை இயந்திரம் வெட்ட விடாமல், கடைசியில் வளைமுனைக் கத்தரியால் நானே நறுக்கினேன். எழுத்தைத் திருத்த மட்டும் இரண்டு இரவு போனது, ஆனால் 48 சட்டைக்கும் அதுவே ஓடியது.

துணியின் மேடுபள்ளத்தில் எழுத்து அமுங்காமலிருக்க மேலே தண்ணீரில் கரையும் ஃபிலிம், அடியில் துணியைத் தாங்கிப் பிடிக்க, மிச்சத்தை வெட்டி எடுக்கும் ரக பேக்கிங். அந்த ஃபிலிம் நம் ஊர் ஈரக்காற்றில் ஒரே நாளில் தொய்ந்து கையில் ஒட்டும். மைலோ டின்னுக்குள் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வைக்கிறேன்.

15ஆம் ஊசி இப்போது 65/9க்கும் 60 நூலுக்கும் மட்டுமே. மறந்து வேறு நூலைக் கோத்துவிடக் கூடாதென்று அதன் தலைக்கு மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருக்கிறேன்.

கடைசி மாதிரியை அம்மாவிடம் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், “முன்னாள் மாணவர் சங்கம்” என்று முழுதாக வாசித்தார். “இப்பத்தான் மாணவர்” என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

சட்டைகளை வாங்க வந்த அண்ணனுக்கு ரொம்பச் சந்தோஷம். “தங்கச்சி, அடுத்த வருஷம் கையில பள்ளி முழுப் பேரும் போட்ரலாம், இதைவிடப் பாதி சைஸ்ல” என்றார்.

“ஆங்கிலத்துலன்னா கொஞ்சம் சின்னதாக்கலாம் அண்ணே. தமிழ்ல இதுக்குக் கீழ நான் போடமாட்டேன்” என்றேன்.