வெள்ளவத்தையில் பூப்பது கையாந்தகரை அல்ல

கொழும்புக்குப் போனால் நாங்கள் தங்குவது வெள்ளவத்தையில்தான். இம்முறை ஒரு காலையில் கால்வாய்க் கரையால் நடந்தோம். சரிவு முழுக்க மஞ்சள் பூ. ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மச்சாள், "எங்கட வீட்டுப் புல்லுக்க பூக்கிற டான்டிலயன் எல்லோ இது?" என்றா.

டான்டிலயனின் பூக்காம்பில் இலை இராது. உள்ளே கோறையாக இருக்கும், ஒடித்தால் பால் வடியும். இதை ஒடித்தோம், பால் இல்லை. பூவைப் பிரித்தோம். ஓரத்தில் மட்டும் இதழ்கள், நடுவில் குழல் வடிவக் குட்டிப் பூக்கள் நெருக்கமாக. டான்டிலயனில் அந்த நடுக் குழல்கள் கிடையாது. இலைகள் எதிரெதிராக, மினுக்கமாக இருந்தன. பலவற்றில் இரு பக்கமும் மடல் பிதுங்கி, மூன்று மடலாகத் தெரிந்தது. இதன் தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபாட்டா. வெடேலியா என்றும் சொல்வார்கள். வெப்பமண்டல அமெரிக்காவின் செடி. அழகுக்காக நாடு நாடாகக் கொண்டுபோய் நட்டது.

நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, ஓர் அம்மா பையோடு வந்து இலை கிள்ளத் தொடங்கினா.

"மஞ்சள் கையாந்தகரை, பிள்ளை. தலைக்கு எண்ணெய் காய்ச்ச."

எனக்குப் பெரிய கவலை இதுதான். சித்த மருத்துவத்தின் பொற்றலைக் கையாந்தகரை இதன் நெருங்கிய உறவு. தமிழ்நாட்டில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்பதும் அதைத்தான். பூவை மட்டும் பார்த்தால் யாரும் மாறிப்போவார்கள். ஆனால் மருந்துச் செடியின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும். மூன்று மடலாகப் பிரியாது. பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். ஓர் இலையோடு நிற்காமல் கொடி முழுவதையும் பாருங்கள், ஏனென்றால் வந்தேறியிலும் எல்லா இலையும் மடல் விடுவதில்லை. அந்த அம்மாவுக்கு மடலைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு நாலைந்து இலையைப் புரட்டிப் பார்த்தா. பிறகு பையிலிருந்ததைக் கொட்டினா.

கொட்டியதை நான் அள்ளிக்கொண்டேன். இது பெரும்பாலும் விதையால் பரவுவதில்லை; தண்டுதான் வழி. மண்ணைத் தொடும் கணு ஒவ்வொன்றும் வேர்விட்டு, தரையைப் பாயாக மூடும், கீழே வேறொன்றையும் முளைக்க விடாது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. கொழும்போ, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர். பிடுங்கிய கொடியைக் கால்வாயில் எறிந்தால், தண்ணீரே அதைக் கரைகரையாகக் கொண்டுபோய் நட்டுவிடும். கறுப்புப் பொலித்தீன் பைக்குள் கட்டி வெயிலில் போட்டு, நன்றாகக் காய்ந்து செத்த பிறகே குப்பையில் சேருங்கள்.