சகலைக்கு மேரிலாந்தில் கிடைத்த பிரசாதம்

நியூ ஜெர்சியின் எடிசனில் வசிக்கும் என் சகலையும், நியூயார்க்கின் குவீன்ஸில் வசிக்கும் நானும், ஆளுக்கொரு காரில் குடும்பத்தோடு மேரிலாந்தின் லான்ஹாமில் உள்ள சிவா விஷ்ணு கோவிலுக்குப் புறப்பட்டோம். டெலாவேரைத் தாண்டி மேரிலாந்துக்குள் நுழைந்ததும், 65 மைல் வேகம்தான் அனுமதி என்று பலகை வைத்திருக்கும் ஐ-95 சாலையில் சகலை 79-இல் பறந்திருக்கிறார். என் மனைவி பக்கத்தில் அமர்ந்திருக்கும் வரையில் எங்கள் வண்டி பலகையை மீறுவது கிடையாது. அதனால் வெகுவாகப் பின்தங்கி வந்த நாங்கள், சிவப்பும் நீலமுமாக விளக்கு மின்னும் போலீஸ் வண்டிக்கு முன்னால் சகலையின் கார் ஓரங்கட்டப்பட்டிருந்ததைக் கண்டோம். அந்தச் சாலையில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது என்பதால் கடந்து போகத்தான் வேண்டியிருந்தது. நிலைமை புரியாத என் பிள்ளைகள் பெரியப்பாவுக்கு உற்சாகமாகக் கையசைத்தார்கள். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வெளியே தெரியும்படி வைத்திருந்த அவர், ஆள்காட்டி விரலை மட்டும் சற்றே தூக்கிப் பதில் சொன்னார்.

தரிசனம் முடிந்து கோவில் கேண்டீனில் தோசைக்குக் காத்திருந்தபோது, வேகத்துக்காகப் போலீஸ் எழுதிக் கொடுத்த டிக்கெட் மேசைக்கு வந்தது. அபராதத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. வெளிமாநிலத்து டிக்கெட், சொந்த மாநிலத்து லைசென்ஸில் பாயின்ட்டாக, அதாவது குற்றப் புள்ளியாக, ஏறுமா என்பதுதான் கவலை. அமெரிக்காவில் இந்தக் கேள்வியை நான்கு தமிழர்கள் நடுவில் கேட்டுவிட்டால், யாரும் தெரியாது என்று சொல்வதில்லை.

பக்கத்து மேசை அன்பர், பணத்தைக் கட்டினால் கதை முடிந்தது, பாயின்ட் எல்லாம் வராது என்றார். விசாரித்ததில், வாஷிங்டன் நகரத்துக் கேமரா படம் பிடித்து அவர் வீட்டுக்குத் தபாலில் அனுப்பிய நோட்டீஸை வைத்து அவர் பேசுகிறார் என்று தெரிந்தது. கேமரா வண்டியைத்தான் பிடிக்கிறது. ஓட்டியவர் யாரென்று அதற்குத் தெரியாததால் பாயின்ட் இல்லை. சகலையிடமோ ஓர் அதிகாரி நேரில் வந்து, லைசென்ஸை வாங்கிப் பார்த்து, பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் தாளுக்குப் பேசாமல் பணம் கட்டுவதும் குற்றத்தை ஒப்புக்கொள்வதும் ஒன்றுதான்.

கலிஃபோர்னியாவில் வெகுகாலம் இருந்தவர் ஒருவர், "கிழித்துப் போடுங்கள், மேரிலாந்துக்காரன் எடிசன் வரைக்குமா வரப்போகிறான்?" என்று தைரியம் கொடுத்தார். அபராதம் கட்டாத வெளியூர்க்காரரைப் பற்றி அவருடைய சொந்த மாநிலத்துக்கு எழுதி, கட்டும் வரையில் லைசென்ஸை முடக்கச் செய்யும் ஒப்பந்தம் ஒன்று 1977 முதல் இருக்கிறது. அதில் கலிஃபோர்னியா சேரவில்லை. மேரிலாந்தும் நியூ ஜெர்சியும் சேர்ந்திருக்கின்றன. மேரிலாந்துக்காரர் வர வேண்டியதே இல்லை, கடிதம் வந்தால் போதும்.

தண்டனை விவரங்களைப் பகிர்ந்துகொள்வதற்கு இன்னொரு ஒப்பந்தம் இருக்கிறது. ஓட்டுநர் ஒருவருக்கு ஒரே லைசென்ஸ், ஒரே பதிவேடு என்பது அதன் கொள்கை. ஜார்ஜியா, மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற சில மாநிலங்களைத் தவிர ஏறக்குறைய நாடு முழுவதும் அதில் அடக்கம். ஆனால் வந்து சேரும் தகவலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம். கோபம் வரவழைக்கும் பகுதி இதுதான். நியூ ஜெர்சியில், வெளிமாநிலத்து ஓட்டுநர் குற்றத்துக்கு 2 பாயின்ட் ஏறும். நியூயார்க்கில் சாதாரண வெளிமாநில டிக்கெட்டுகளுக்குப் பாயின்ட்டே கிடையாது. விசித்திரமாக, கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களில் வாங்கினால் மட்டும் ஏறும். நயாகராவின் மறுகரைக்குப் போகும்போது நான் அடக்கமாக ஓட்டுவதற்கு இதுவே காரணம், பக்தி அல்ல.

இதை நான் விளக்கியபோது, அதே சாலையில் அதே வேகத்தில் நான் பிடிபட்டிருந்தால் எனக்கு ஒன்றும் ஏறியிருக்காது என்ற உண்மை சகலையின் முகத்தில் மெல்லப் படர்ந்தது. மாமனார் வீட்டில் எனக்குத்தான் முதல் மரியாதை என்று அவருக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. இப்போது நியூயார்க் மாநில அரசும் என் பக்கம் சேர்ந்துவிட்டது.

ஆறுதலாக என் மனைவி, "இரண்டு பாயின்ட்தானே அத்தான், 12 வந்தால்தானே லைசென்ஸைப் பறிப்பார்கள்?" என்றாள். 12 வரை காத்திருக்க வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் 6 சேர்ந்தாலே நியூ ஜெர்சியில் 150 டாலர் தனிக் கட்டணம் வந்துவிடும் என்று நான் பொதுஅறிவுக்காகச் சொல்லி வைத்தேன். சகலை தோசையைப் பிட்டபடி, தன்னையறியாமல், "அப்படியானால் நாலும் இரண்டும் ஆறு, சரியாக வந்துவிடுமே" என்று முணுமுணுத்துவிட்டார்.

மேசையில் பேச்சு நின்றது. "எந்த நாலு?" என்று கேட்டார் என் மனைவியின் அக்கா.

நியூ ஜெர்சியின் கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையில் ஓராண்டுக்கு முன் வாங்கிய நாலு பாயின்ட் டிக்கெட் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கார் இன்சூரன்ஸ் ஏன் கூடியது என்று அப்போது கேட்டதற்கு, நாட்டில் எல்லோருக்கும் கூட்டிவிட்டார்கள் என்று இவர் சொன்ன விளக்கத்தையும் அக்கா வரி பிசகாமல் நினைவுகூர்ந்தார். சாம்பார் ஆறிப்போகும் வரை விசாரணை நீடித்தது. மேரிலாந்து நீதிமன்றத்தில் நேரில் நின்று விளக்கம் சொல்லவும் வழியுண்டு, நீதிபதி சில சமயம் இரங்குவார் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அதற்குமேல் இன்னொரு நீதிமன்றத்தைத் தாங்கும் தெம்பு தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டுச் சகலை செல்பேசியிலேயே பணத்தைக் கட்டினார்.

2 பாயின்ட்டும் 150 டாலரும் பின்னாலேயே வந்து சேர்ந்தன. பாதுகாப்பாக ஓட்டுவது எப்படி என்று சொல்லித்தரும் வகுப்பை முடித்தால் நியூ ஜெர்சியில் 2 பாயின்ட் குறையும், இன்சூரன்ஸிலும் மூன்று ஆண்டுகளுக்குத் தள்ளுபடி கிடைக்கும் என்பதால் சகலை இணையத்தில் சேர்ந்தார். தள்ளுபடி தனக்கும் கிடைக்கும் என்று அறிந்து அக்காவும் சேர்ந்துகொண்டார். பாடத்தில் வேகக் கட்டுப்பாடு வரும் இடங்களில் எல்லாம் காணொளியை நிறுத்திவிட்டு அவர் கணவரைத் திரும்பிப் பார்ப்பதால், இருவரும் இன்னும் முதல் பாடத்தைத் தாண்டவில்லை என்று கேள்வி.