வட்டின் வெள்ளை முகம்

பழைய வண்ணாரப்பேட்டையில் திருமண வீடியோக்களை டிவிடியில் பதிந்து கொடுத்த நாட்களில், மணமக்களின் படத்தை வட்டின் மேற்புறத்திலேயே இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டுத் தருவேன். சாதாரண வட்டின் வழவழப்பான லாக்கர் என்னும் மெருகுப் பூச்சில் மை ஒட்டாமல் துளித்துளியாகத் திரண்டு நிற்கும் என்பதால், சிலிக்கா போன்ற நுண்துளைத் துகள்களை நீரை ஈர்க்கும் பாலிமருடன் கலந்து, பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் பூசிப் புறஊதா ஒளியால் இறுக்கிய வெள்ளை மேற்பரப்புள்ள வட்டுகளையே இதற்கு வாங்க வேண்டும்.

மை அந்த நுண்துளைகளுக்குள் இறங்கி நின்றுவிடுகிறது. ஆயினும் ஈரவிரல் பட்டால் கலங்கிவிடும். ஐப்பசி மழையோடு கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும் எங்கள் பக்கத்தில், ஓர் இரவு முழுவதும் மின்விசிறியின் கீழ் பரப்பிவைத்தும் காயாத வட்டுகளைப் பார்த்திருக்கிறேன். நான் அவசரப்பட்டு உறையிலிட்டதில் ஒரு மணமகளின் முகம் அந்த உறையோடே போய்விட்டது.

மேற்புறம் பதிவைக் காக்கும் விதத்தில் சிடிக்கும் டிவிடிக்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. சிடியில் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்கு மேல், பதிவைத் தாங்கும் சாயப்படலமும் உலோகப் படலமும் இருக்க, அவற்றைக் காப்பவை மெல்லிய லாக்கரும் அச்சுப்பூச்சும் மட்டுமே. எனவே மேற்புறத்தில் ஆழமாக விழும் கீறல் பதிவையே அழித்துவிடும். டிவிடியிலோ 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டுக்கு நடுவே பதிவு பத்திரமாக இருக்கிறது. காகித லேபிள் ஒட்டுவதை நான் ஒருபோதும் விரும்பியதில்லை. சற்றே மையம் தவறினாலும் வேகமாகச் சுழலும் வட்டு அதிரும், உரித்தெடுக்க முயன்றால் சிடியின் உலோகப் படலமும் கூடவே வந்துவிடக்கூடும்.